ஏசி சென்சார் கோளாறு: நாமே மாற்றுவதா, மெக்கானிக்கா, கம்பெனியா?

போன மே மாதம் எங்கள் படுக்கையறை ஏசிக்கு மூன்று நாளில் மூன்று விலை சொன்னார்கள். தெருமுனை மெக்கானிக், கேஸ் குறைந்துவிட்டது என்று 3,500 ரூபாய் கேட்டார். கம்பெனி சர்வீசிலிருந்து வந்த இளைஞர், போர்டு, அதாவது ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை, போய்விட்டது என்று 9,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது விலை சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருக் கடைக்காரர் சொன்னது: சென்சார் ஜோடி 160 ரூபாய். கடைசியில் ஏசி ஓடியது அந்த 160 ரூபாயில்தான். ஆனால் எது கெட்டது என்று தெரியாமல் ரிச்சி தெருவுக்குப் போயிருந்தால் எதை வாங்குவது? அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பேசுவதற்கு முன்னால் கோளாறைப் பேசிவிடுகிறேன்.

திருவான்மியூரில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி வீடு. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட், வாங்கி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 24-இல் வைத்தால் பத்து நிமிஷம் ஜோராகக் குளிர்ந்த காற்று வரும். அப்புறம் வெளியே இருக்கும் யூனிட்டின் சத்தம் அடங்கிவிடும், உள்ளே விசிறி மட்டும் சுற்றும். சுவரில் மாட்டிய வெப்பமானி 31 என்று காட்டும். ரிமோட்டில் 18-க்கு இறக்கினால் மறுபடி ஓடும். கோளாறைச் சொல்லும் எரர் கோடு எதுவும் வரவில்லை, எந்த விளக்கும் சிமிட்டவில்லை.

கேஸ் குறைந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷக் காற்று அவ்வளவு குளிராக வந்திருக்காது. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே தள்ளும் காற்றுக்கும் பத்து டிகிரியாவது வித்தியாசம் இருந்தால் கேஸ் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. ஓடும்வரை நன்றாக ஓடி, பிறகு தானாக நின்றுவிடும் ஏசிக்கு 'போதும், அறை குளிர்ந்துவிட்டது' என்று யாரோ தப்பாகச் சொல்கிறார்கள். அந்த யாரோதான் சென்சார்.

உள் யூனிட்டில் பெரும்பாலும் இரண்டு சென்சார் இருக்கும். ஒன்று ரூம் சென்சார். ஃபில்டருக்குப் பின்னால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலுக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் மிளகு அளவு கறுப்பு மணியாகத் தொங்கும். மற்றது காயில் சென்சார். செம்புக் குழாயோடு ஒட்டிய சின்ன உறைக்குள் செருகியிருக்கும். இன்வெர்ட்டர் என்றால் வெளி யூனிட்டில் பொதுவாக இன்னும் மூன்று உண்டு: வெளிக்காற்றுக்கு ஒன்று, சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கு ஒன்று, கேஸை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் சூடான குழாய்க்கு ஒன்று. கடைசியில் சொன்னதை டிஸ்சார்ஜ் சென்சார் என்பார்கள். எல்லாமே என்டிசி தெர்மிஸ்டர் வகை, அதாவது சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். 10 கிலோ ஓம் ரகம் என்றால் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 30-இல் சுமார் 8, 35-இல் ஆறரை, ஐஸ் தண்ணீரில் 32, 33 வரை ஏறும்.

ஒயர் அறுந்துவிட்டாலோ ஷார்ட் ஆனாலோ போர்டுக்கு நம்பவே முடியாத வெப்பநிலை தெரியும், உடனே எரர் கோடு காட்டும். எல்ஜியில் சிஎச் 01 என்றால் ரூம் சென்சார், சிஎச் 02 என்றால் குழாய் சென்சார். சாம்சங்கில் அதே வரிசையில் இ 121, இ 122. டைகினில் ரூம் சென்சாருக்கு சி 9, காயிலுக்கு சி 4. டைகின் ரிமோட்டில் கேன்சல் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் சென்சார் அறுந்துபோகாமல் மெதுவாக மதிப்பு மாறினால் கோடு வராது. 22 டிகிரி என்று சொன்னால் 22 என்றே போர்டு நம்பிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கோடு இல்லை என்பதால் சென்சார் நன்றாக இருக்கிறது, எனவே போர்டுதான் என்று கம்பெனி இளைஞர் முடிவு கட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோடு பார்த்து வேலை செய்யத்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை உண்டு. ரிமோட்டில் 'ஐ ஃபீல்', 'ஃபாலோ மீ' என்று ஏதாவது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சாரை நம்பும். ரிமோட் ஏசிக் காற்று நேராக விழும் மேஜையில் கிடந்தால் சீக்கிரம் நின்றுவிடும், போர்வைக்குள் கிடந்தால் நிற்கவே நிற்காது. அப்புறம் முன் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி ரூம் சென்சார் கிளிப்பில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் பத்துக்கு ஐந்து இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். கழுவும்போது சென்சாரை எடுத்து ஓரமாக விடுவார்கள், திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். மணி சில்லென்ற காயில்மேல் சாய்ந்துகொண்டால் அறையே குளிர்ந்துவிட்டதாக அது சொல்லும். காயில் சென்சார் உறையிலிருந்து நழுவினால் இன்னும் வேடிக்கை. கம்ப்ரசர் ஓடியும் காயில் குளிரவில்லை என்று போர்டுக்குத் தோன்றும், சில மாடல்களில் அது கேஸ் லீக் என்றே கோடு காட்டும். நல்ல கேஸை வெளியே விட்டுப் புதுக் கேஸ் ஏற்றிய வீடுகள் இப்படி எத்தனையோ.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். முந்நூறு, நானூறு ரூபாய் மீட்டர் போதும். ராத்திரி முழுக்க ஏசியை நிறுத்தி வையுங்கள். காலையில் ஏசிக்கான மெயின் சுவிட்சான எம்சிபியை அணைத்துவிட்டு, வலது பக்க மூடியைக் கழற்றி, போர்டிலிருந்து இரண்டு சென்சார் பிளக்கையும் உருவி மின்தடையை அளந்து பாருங்கள். இரண்டுமே ஒரே அறை வெப்பத்தில் இருப்பதால், ஒரே ரகம் என்றால் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் 31 டிகிரியில் காயில் சென்சார் 7.7 கிலோ ஓம் காட்டியது, அது சரி. ரூம் சென்சார் 11.6 காட்டியது. அந்த எண்ணுக்கு உரிய வெப்பநிலை ஏறக்குறைய 22. ஏசி 24-இல் ஏன் நின்றது, 18-இல் ஏன் ஓடியது என்பதற்கு இந்த ஒரு எண்ணே பதில். பிளக்கின் பின்னில் கடல் காற்றால் பச்சை பூத்திருக்கலாம் என்று துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே 11.6.

எச்சரிக்கை ஒன்று. சில கம்பெனிகளின் ஏசியில் ரூம் சென்சார் 15, காயில் சென்சார் 20 கிலோ ஓம் என்று ரகமே வேறு வேறாக இருக்கும். அப்போது எண்கள் ஒத்துப்போகாததை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. போர்டில் பிளக் பக்கத்தில் அச்சடித்ததையோ சர்வீஸ் மேனுவலையோ பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்கவே வேண்டாம். பல ஏசி போர்டுகளில் சென்சார் வரும் பகுதி மெயின் கரன்ட்டிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருக்காது. பார்க்க ஐந்து வோல்ட் ஒயர் போல இருக்கும், தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும்.

இனி யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி.

ரூம் சென்சார் என்றால், வாரன்டி முடிந்திருந்தால், நாமே மாற்றலாம் என்பது என் கட்சி. கேஸ் குழாயைத் தொட வேண்டியதில்லை, நாலு ஸ்க்ரூ, ஒரு பிளக், ஒரு கிளிப். பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். கழற்றுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் போகும் வழியை அப்படியே பின்பற்றுங்கள், விசிறிப் பக்கம் தொங்க விடாதீர்கள். தொல்லை ஒன்றே ஒன்று: கடையில் வாங்கும் சென்சாரின் பிளக் நம் போர்டில் பொருந்தாமல் போகலாம். அப்போது பழைய பிளக்கை இரண்டு அங்குல ஒயரோடு வெட்டி வைத்துப் புதியதோடு சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே உதவாது. ஏசிக்குள் எப்போதும் ஈரம், அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த முறுக்கே புதிய கோளாறாகும். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல்.

காயில் சென்சாருக்கு நான் அவ்வளவு தைரியம் சொல்ல மாட்டேன். காரணம் எட்டாத இடம் மட்டுமல்ல, சென்சாரின் ரகமும். 10 கிலோ ஓம் என்று கடையில் கேட்டால் கொடுப்பதிலேயே 3950, 3435 என்று பீட்டா எண் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்வது) வேறுபட்ட ரகங்கள் உண்டு. 25 டிகிரியில் இரண்டும் ஒரே மாதிரி காட்டும். அதனால் ரூம் சென்சாராகப் போட்டால் வித்தியாசம் தெரியாது. ஆனால் காயில் வேலை செய்வது 5 டிகிரி, 10 டிகிரி பக்கத்தில். 3950 எதிர்பார்க்கும் போர்டில் 3435-ஐச் செருகினால் காயில் 5 டிகிரிக்கு இறங்கியபோது போர்டுக்கு ஏழரை என்று தெரியும். பனிக்கட்டி பிடிக்காமல் காக்க வேண்டிய நேரத்தில் இந்த இரண்டரை டிகிரி பெரிய விஷயம். அதனால் காயிலுக்குக் கம்பெனி பார்ட் எண்ணைப் பார்த்து அதே சென்சாரை வாங்குங்கள், கூடக் காசு ஆனாலும் பரவாயில்லை. ரிச்சி தெருவில் ஜோடியாக வாங்கியதில் எனக்கு ஒன்று மிஞ்சிப்போனதும் இதனால்தான். காயில் சென்சார் நன்றாக இருந்ததால் அதன்மேல் கை வைக்கவில்லை.

தெரு மெக்கானிக் என்றால் கூலி குறைவு, கூப்பிட்ட அன்றே வருவார், ஏணி ஏறிக் குழாயை வளைத்து வேலை செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குறை, அளந்து பார்க்காமல் வாயால் சொல்லிவிடுவது. எங்கள் மெக்கானிக்கிடம் அப்புறம் ஒரு நாள் கேட்டேன், ஏன் அண்ணே மீட்டரையே எடுக்கவில்லை என்று. "மே மாசம் ஒரு நாளைக்குப் பதினஞ்சு வீடு சார். பத்துல எட்டு கேஸ்தான். மீட்டரை எடுத்தா சாயங்காலம் ஆயிடும்" என்றார். அவர் கணக்கில் அது நியாயம். நம் ஏசி அந்த எட்டில் ஒன்றா, மீதி இரண்டில் ஒன்றா என்பதுதான் நம் கவலை. ஆகவே கேஸ் என்று சொன்னால் கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள், எங்கே லீக் என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகாது, லீக் இல்லாமல் குறையாது. முடிந்தால் சென்சாரை நீங்களே அளந்து, நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டுவதற்கு மட்டும் கூலி பேசுங்கள். எனக்குத் தெரிந்தவரை செலவுக்கும் நிம்மதிக்கும் ஒத்துவரும் வழி இதுதான்.

இதிலேயே ஒரு குறுக்கு வழியும் உண்டு, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்சாருக்குப் பதில் ஒரு சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் செருகிவிடுவார்கள். ஏசி உடனே ஓடும், காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையில் நடப்பது என்னவென்றால், அறை எப்போதும் 25 டிகிரியில் இருப்பதாக போர்டு நம்பிக்கொண்டே இருக்கும். 24-இல் வைத்தால் கம்ப்ரசர் விடிய விடிய நிற்காது, 26-இல் வைத்தால் தொடங்கவே தொடங்காது. ரூம் சென்சார் இடத்தில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில், புதுச் சென்சார் வரும்வரை ஒரு ராத்திரி சமாளிக்க என்றால் சரி, கண்ணை மூடிக்கொள்ளலாம். கரன்ட் பில்தான் கூடும். காயில் சென்சார் இடத்தில் இதைச் செய்ய விடவே விடாதீர்கள். காயிலில் ஐஸ் பிடிப்பது போர்டுக்குத் தெரியாது. கட்டியாக உறைந்து, உருகும்போது சுவரெல்லாம் தண்ணீர் வடிந்து, ஆவியாகாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பப் போய் அதைக் கெடுக்கும். டிஸ்சார்ஜ் சென்சார் இடத்திலோ, கம்ப்ரசர் சூடேறி எரிவதைச் சொல்ல ஆளே இல்லாமல் போகும். எந்தச் சென்சாரில் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

போர்டு மாற்றுவது? சென்சாரை அளந்து சரி என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கே வர வேண்டும். புதுச் சென்சார் போட்டும் அதே கோளாறு என்றால் போர்டில் சென்சார் பிளக் பக்கத்தைப் பாருங்கள். பல்லி விழுந்து கருகியிருக்கும், எறும்பு கூடு கட்டியிருக்கும், இல்லாவிட்டால் உப்புக் காற்றில் போர்டின் செம்புத் தடம் அரித்திருக்கும். போர்டு ரிப்பேர் செய்பவர்கள் இதைச் சரி பண்ணித் தருவார்கள், உடனே புது போர்டு வாங்க வேண்டியதில்லை. பழைய நான்-இன்வெர்ட்டர் ஏசிக்கு யூனிவர்சல் போர்டு கிட் என்று ரிமோட்டும் இரண்டு சென்சாரும் சேர்த்தே விற்கிறார்கள். ஒரிஜினல் போர்டு கிடைக்காத பத்து வருஷ ஏசிக்கு அது நல்ல யோசனை. இன்வெர்ட்டருக்கு அதை யாராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள். உள் போர்டும் வெளி போர்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சென்சார் கோளாறுக்காக ஏசியையே எக்ஸ்சேஞ்சில் போடச் சொல்லும் ஷோரூம்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கம்பெனி சர்வீசைக் குறை சொல்லியே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்கிற இடமும் உண்டு. மதுரையில் என் அக்கா வீட்டு ஏசிக்கு அதுதான் நடந்தது. வாங்கி இரண்டு வருஷம் ஆன இன்வெர்ட்டர். டிஸ்சார்ஜ் சென்சாருக்கான கோடு காட்டி நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வெற்றியைக் கேள்விப்பட்டு, நீயே வந்து மாற்றிக் கொடு என்றாள் அக்கா. முடியாது என்றேன். வெளி யூனிட் மூன்றாம் மாடி சன்ஷேடில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், எம்சிபியை அணைத்த பிறகும் சிறிது நேரம் அது அப்படியே நிற்கும். அந்தச் சென்சார் 10 கிலோ ஓம் ரகமும் அல்ல, கொதிக்கிற குழாயை அளப்பதற்காக 50 கிலோ ஓம் போல வேறு மதிப்பில் வருவது, கடையில் சும்மா கேட்டால் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேல் வாரன்டி கார்டு. அக்காவின் கார்டில் முதல் வருஷம் எல்லாவற்றுக்கும், அப்புறம் போர்டுக்கு 5 வருஷம், கம்ப்ரசருக்கு 10 வருஷம் என்று இருந்தது. முதல் வருஷம் முடிந்துவிட்டதால் சென்சாருக்குக் காசு வாங்குவார்கள்தான். ஆனால் வெளியாள் திறந்தார் என்று ஆகிவிட்டால், நாளைக்கு போர்டு போகும்போது பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

ஆகவே அக்காவிடம் இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். புகார் பதியும்போது 'கூலிங் இல்லை' என்று சொல்லாமல் எரர் கோடு எண்ணைச் சொல்லிப் பதியச் சொன்னேன், சென்சாரைக் கையோடு கொண்டு வருவார்கள். எஸ்டிமேட்டில் போர்டு என்று எழுதினால், பழைய சென்சாரை உருவி அளந்து காட்டுங்கள் என்று கேட்கச் சொன்னேன். அத்தானுக்கு இதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது. வந்தவர் கேட்டவுடன் அளந்து காட்டினார், மீட்டர் எதையுமே காட்டவில்லை, உள்ளே அறுந்திருந்தது. விசிட்டிங் சார்ஜும் சென்சாரும் சேர்த்து 1,150 ரூபாய் ஆயிற்று. என் 160-ஐ அக்கா சொல்லிக் காட்டினாள். சன்ஷேடில் ஏறியது நானில்லையே என்று நானும் சொல்லிவிட்டேன்.